சில்லறை மாற்றப் போனவர்

ஜனவரி 12

அன்புள்ள அக்கா,

சில்லறை மாற்றப் போனவர் உயிரோடு இருக்கிறார். நம் அப்பாதான். நேற்று அவர் மூக்கில் நானே கிளிப் மாட்டினேன்.

இதைப் போனில் சொல்லாமல் உன் கண்ணாடிக் கடை முகவரிக்குக் கடிதமாக அனுப்புவது எதற்கென்று உனக்கே புரியும். உன் போனில் ஸ்பீக்கர் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. நான் இங்கே தும்மினால் அங்கே அம்மா "என்னடி, சளியா?" என்று கேட்கிறாள். காதல் கடிதமா என்று உன் முதலாளி கிண்டல் செய்தால் செய்துவிட்டுப் போகட்டும்.

முதலிலிருந்து சொல்கிறேன். இந்த ஊர் மேற்குக் கோடியில், பஸ் ரோடு முடியும் இடத்தில் இருக்கிறது. இங்கே இருப்பது ஒரே ஒரு கல் உடைக்கும் ஆலை. மரம், பைக் சீட்டு, ஆட்களின் புருவம் எல்லாம் வெள்ளைத் தூசி. டயர் கடை மாடியில் எனக்கு ஒரு ரூம். பகலில் ஆலையின் முதலுதவி அறையில் மேஜை போட்டு, வேலையாட்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, மூக்கில் கிளிப் மாட்டி, குழாயை வாயில் கொடுத்து ஊதச் சொல்கிறேன். இந்தத் தூசி அவர்களுடைய நுரையீரலில் எவ்வளவைத் தின்றிருக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. "இழுங்க, இழுங்க, இப்ப ஊதுங்க, விடாதீங்க, ஊதுங்க, ஊதுங்க!" என்று நாள் முழுக்கக் கத்துகிறேன். எனக்கு 'ஊதம்மா' என்று பேர் வைத்துவிட்டார்கள். இத்தனை வருஷப் படிப்புக்குக் கிடைத்த பட்டம் இதுதான்.

ஒவ்வொருவரும் மூன்று தடவை ஊத வேண்டும். மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். நிஜமாக நோய் வந்தவனுக்குக்கூட மூன்றும் ஒரே மாதிரி குறைவாகத்தான் வரும். மூன்றும் மூன்று விதமாக வந்தால் ஒன்று ஊதத் தெரியவில்லை, இல்லை ஏமாற்றுகிறான். அந்த ஆளைப் பட்டியலிலிருந்து தூக்கிப் போட்டுவிட வேண்டும். எங்கள் பேராசிரியர் முதல் நாளே மண்டையில் அடித்துச் சொன்ன விதி இது.

இங்கே 'ரேடியோ' என்று ஒருவர் இருக்கிறார். வாய் ஓயாது. குழாயைக் கையில் கொடுத்ததும், "இந்தப் பொட்டி வெடிச்சா நான் பொறுப்பில்லைம்மா" என்றார். கன்னம் சிவக்க ஊதினார். மூன்றும் அச்சு மாதிரி ஒத்துப்போனது, மூன்றும் மிகக் குறைவு. இருமிக்கொண்டே "நான்தானே ஃபர்ஸ்ட்?" என்று கேட்டார். முடிவை இப்போது சொல்லக்கூடாது என்று சிரித்து அனுப்பிவிட்டேன்.

அடுத்த படிவத்தில் இருந்த பேர், நம் இரண்டு பேருக்கும் இன்ஷியலாக மட்டும் மிச்சமிருக்கும் பேர். எத்தனையோ பேருக்கு அந்தப் பேர் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்தேன். அவர் மேஜையில் கை வைத்தார். அப்பாவை நீ கத்தரித்து எறிந்த போட்டோவில், உன் தோள்மேல் வெட்டுப்படாமல் தங்கிப்போன அந்தக் கை. சுண்டுவிரல் அப்படியே வெளிப்பக்கம் வளைந்து இருக்கிறது. அவரிடம் எனக்குத் தெரிந்த ஒரே பாகம் அதுதான்.

அவருக்கு என்னைத் தெரியவில்லை. "நல்லா இருக்கியாம்மா?" என்று பொதுவாகக் கேட்டார். ஊதினார். மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வந்தது. என் கை நடுங்கியதில் கருவியை நான்தான் சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைத்து அப்படியே எழுதிக்கொண்டேன். மூன்றில் பெரியதை எடுத்தாலும் ரேடியோவை விடக் குறைவு. நாற்பது பேரில் கடைசி.

ஆராய்ச்சி முடியும்வரை யாருக்கும் முடிவைச் சொல்லக்கூடாது. ஆனால் இவர் அதுவரை இந்தத் தூசியில் நின்றால் மிஞ்சமாட்டார். இப்போதே வேலையை விடச் சொன்னால் பிழைத்துக்கொள்ளலாம். நான் என்ன செய்யட்டும், அக்கா?

உன் சின்னவள்


ஜனவரி 21

சின்னவளுக்கு,

ஒன்றும் செய்யாதே. ஊதட்டும்.

உனக்கு அப்போது மூன்று வயது. அதனால்தான் "என்ன செய்யட்டும்" என்று கேட்க வருகிறது. எனக்குப் பன்னிரண்டு. சலூனுக்கு அழைத்துப்போய் எனக்கு முடி வெட்டச் சொன்னது அந்த ஆள். பாதி வெட்டும்போது, "சுண்டெலி, அசையாம உக்காரு. சில்லறை மாத்திட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனது. வெட்டி முடிந்தது. சலூன்காரர் துணியை உதறினார். பெஞ்சில் உட்காரவைத்தார். விளக்கைப் போட்டார். கடைசியில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "வீடு எங்க பாப்பா?" என்றார். அசையாமல் இருக்கச் சொன்னாரே என்று நான் அப்போதும் அசையவில்லை. என்னைத் தூக்கித்தான் கொண்டுவந்து விட்டார்கள்.

மறுநாள் அம்மா என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "எந்தப் பக்கமாப் போனார்?" எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அதற்காக அம்மா என்னிடம் எத்தனை நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று உனக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "அப்பா என்ன பண்றார்?" என்றார்கள். "வெளியூர்ல இருக்கார்" என்று அம்மா சொன்னாள். எந்த வெளியூர் என்று கேட்டவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. இப்போதும் யார் கேட்டாலும் அம்மா அதையேதான் சொல்கிறாள். போகட்டும், பொய் சொல்லவில்லை என்று ஆகிவிட்டது.

பதினாறு வயதிலிருந்து லென்ஸ் தேய்க்கிறேன். அந்தத் தூளையும்தான் மூச்சில் இழுக்கிறேன். எந்தக் கல்லூரியும் குழாயோடு வந்து என்னை ஊதச் சொல்லவில்லை. உன் படிப்பு அதில் வந்தது. நீ அந்தப் படிப்பைக் கொண்டுபோய் அந்த ஆளைக் காப்பாற்றப் போகிறாயா?

விதி என்று ஒன்று இருக்கிறதே, முடிவைச் சொல்லக்கூடாது என்று. பேராசிரியர் சொன்னதைக் கேள்.

தலைமுடி இருக்கிறதா? குடிக்கிற ஆள் மாதிரி இருக்கிறதா? எழுது.

அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்கா,

தலைமுடி இருக்கிறது, நரைத்தா தூசியா என்று சொல்ல முடியவில்லை. குடிக்கிற முகம் இல்லை. சிரித்த முகம். எல்லோருக்கும் அவரைப் பிடித்திருக்கிறது. உனக்கு இது பிடிக்காது, ஆனால் கேட்டது நீ.

இரண்டாவது சுற்றுக்கு வந்திருக்கிறேன். அதே டயர் கடை மாடி, அதே தூசி. இந்தத் தடவையும் ஆட்கள் ஒழுங்காக வரிசையில் வந்தார்கள். ஏன் என்று மேனேஜர் சொன்னார். ஆலை வாசலில் கேட்டருகே ஒரு கூண்டு இருக்கிறது. அதில் ஒரு நாற்காலி. அங்கே உட்கார்ந்து லாரிக்கு விசில் ஊதினால் போதும், தூசி அவ்வளவாக வராது. காவலர் ஓய்வு பெறுகிறார். எங்கள் பட்டியலில் யார் நுரையீரல் எல்லோரையும் விட மோசமோ அவருக்கு அந்த நாற்காலி. முதல் சுற்றுக்கு முன்பே இதை எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம். எனக்குத்தான் சொல்லவில்லை.

ரேடியோ முன்னை விட முக்கி முக்கி ஊதினார். "நாற்காலியா? அது கிழவனுங்களுக்கு. நான் நின்னுக்கிட்டே சாவேன்" என்றார். எழுந்து போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நம்பர் இன்னும் இறங்கியிருக்கிறது.

அப்பா வந்தார். இந்தத் தடவை நிறையப் பேசினார். மேஜையில் இருந்த என் தண்ணீர் பாட்டிலைக் கேட்டு வாங்கிக் குடித்தார். "வீட்ல யார் யாரு?" என்று கேட்டேன். வாயைக் கட்டியிருக்கலாம்.

"பொண்டாட்டி, அப்புறம் எனக்கு ஒரே பொண்ணு" என்றார்.

சாயந்தரம் அந்தப் பெண் சைக்கிளில் வந்து கேட்டில் நின்றது. பதினாலு பதினைந்து வயது இருக்கும். அவர் வெளியே போகும்போது கூப்பிட்டதும் என் காதில் விழுந்தது. இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் நான்தான் பொய்க்காரி ஆவேன். "ஏ சுண்டெலி, நீ பின்னால உக்காரு, நான் மிதிக்கிறேன்" என்றார்.

மிதித்தார் அக்கா. மேட்டில் இறங்கித் தள்ளவில்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இன்றைக்கும் அவருடைய மூன்று ஊதலும் மூன்று ஆட்கள் ஊதின மாதிரி வந்தது. நான்காவது தடவை ஊதச் சொல்ல மனசு வரவில்லை. போன தடவையை விடக் குறைவு. சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. நீ சரி என்று ஒரு வரி எழுது, போதும்.

சின்னவள்


ஏப்ரல் 15

சின்னவளுக்கு,

எழுதமாட்டேன்.

ஒரே பொண்ணு. நல்லது. அப்படியானால் நீயும் நானும் யார் பெற்ற பிள்ளைகள் என்று அம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.

என்னிடம் அந்த ஆள் விட்டுவிட்டுப் போனது அந்தப் பேர் ஒன்றுதான். செருப்பு, சட்டை, குடை எல்லாவற்றையும் அம்மா யாருக்கோ கொடுத்துவிட்டாள். யார் சுண்டெலி என்று சொன்னாலும் நான் சண்டைக்குப் போவேன். ஏனென்றால் அது வேறு யாருக்கும் இல்லை என்று நினைத்திருந்தேன். ஒரு புதுப் பேர் யோசிக்கக்கூட அந்த ஆளுக்குச் சோம்பல்.

உனக்கு ஒரு அப்பா வேண்டும் போலிருக்கிறது. பாட்டிலில் தண்ணீர் கொடுத்திருக்கிறாய். மூன்று வயதில் கிடைக்காத பொம்மை இப்போது கிடைத்துவிட்டது, விளையாடு. ஆனால் நீ வாயைத் திறந்து அந்த ஆளைக் காப்பாற்றினால் எனக்குத் தங்கை இல்லை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நம்பர் இன்னும் இறங்கினால் மட்டும் எழுது. இந்த மூன்று மாதமாக நான் நன்றாகத் தூங்குகிறேன். நேற்று அம்மாவுக்குத் தலை வாரிவிட்டேன். பாட்டு வேறு பாடினேனாம், அம்மா சொன்னாள். எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை.

அக்கா


ஜூன் 2

அக்கா,

சொல்லவில்லை. நீ ஜெயித்துவிட்டாய். பொம்மையைப் பற்றி எழுதினாயே, அதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை. எழுதினால் நீ தாங்கமாட்டாய்.

பட்டியல் ஆலைக்குப் போய்விட்டது. பேராசிரியருக்கு ஒரே சந்தோஷம். அப்பாவின் வரிசையைப் பென்சிலால் வட்டம் போட்டு, "இவ்ளோ சீக்கிரமா இவ்ளோ இறக்கம்! உன் ஆராய்ச்சியே இந்த ஒரு ஆள்தான்" என்றார். மேலே பெரிய நம்பரை மட்டும் பார்த்தார், மூன்றையும் பார்க்கவில்லை. நானும் காட்டவில்லை.

ஆக, அந்த நாற்காலி அவருக்குத்தான். நான் சொல்லாமலே அவருக்கு உட்கார இடம் கிடைத்துவிட்டது. உனக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் இவ்வளவு கெட்டுப்போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாலும் அதிக நாள் இல்லை என்கிறார் பேராசிரியர். இது உனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து எழுதுகிறேன். நாம் இரண்டு பேரும் எப்படிப்பட்டவர்கள் ஆகிவிட்டோம் பார்.

இருபதாம் தேதி வாக்கில் கடைசித் தடவையாக அந்த ஊருக்குப் போகிறேன், ஒவ்வொருவரிடமும் முடிவைச் சொல்ல.

சின்னவள்


ஜூன் 20

சின்னவளுக்கு,

இதைக் கொண்டுவருவது அம்மா. உறையை ஒட்டவில்லை. பஸ்ஸில் படித்தாலும் படிக்கட்டும்.

நடந்தது இதுதான். அம்மா சாப்பிடும்போது எப்போதும் போல ஆரம்பித்தாள். "உசுரோட இருந்திருந்தா வந்திருப்பார். உங்கள விட்டுட்டு இருக்கற ஆள் இல்ல அவர்." இத்தனை வருஷமும் இதைக் கேட்டுக்கொண்டு சோறு தின்றிருக்கிறேன். அன்றைக்கு முடியவில்லை. "உசுரோடதான் இருக்கார். வேற பொண்டாட்டி, வேற சுண்டெலி. ஆனா கவலைப்படாத, நுரையீரல் போச்சு, சீக்கிரம் செத்துருவார்" என்று சொல்லிவிட்டேன்.

தட்டில் கை வைத்தபடி அம்மா கேட்டாள், "உனக்கு எப்பலருந்து தெரியும்?"

"ஜனவரிலருந்து."

"அதான் பாட்டுப் பாடினியா?"

அம்மா எழுந்தாள். தட்டைக் கழுவினாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பன்னிரண்டு வயதில் பார்த்த அதே முகம். நாலாம் நாள் பையில் துணி எடுத்துவைத்தாள். "சாகப் போறவரைப் பாக்க நான் போறேன். நீ வர்றியா, இல்லையா?" நான் வரமாட்டேன் என்றேன். பஸ் ஏற்றி மட்டும் விட்டேன். ஜன்னல் சீட்டு வாங்கிக் கொடுத்தேன், என் பக்கம் திரும்பவில்லை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். டிரைவர் ஏறியதும் நான் பஸ்ஸை விட்டு இறங்கி நின்றேன். அந்த ஆள் இருமுகிற மாதிரியும் அம்மா முதுகைத் தடவிக்கொடுக்கிற மாதிரியும் தோன்றியது. கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. சரி, சொல்லிவிடு. என்ன மருந்து உண்டோ எழுதிக் கொடு. என் பேரைச் சொல்ல வேண்டாம். கேட்டால் மட்டும் சொல்.

அம்மாவுக்குப் பஸ்ஸில் குமட்டும், எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடு.

(இந்தக் கடைசி வரிகளைப் பஸ் நிலையத்தில் நின்றபடி எழுதுகிறேன். பஸ் நகர ஆரம்பித்துவிட்டது, ஓடிப்போய் நிறுத்தித்தான் கொடுக்க வேண்டும். கண்டக்டர் திட்டுவார்.)

அக்கா


ஜூன் 23

அக்கா,

அம்மாவை இன்று காலை பஸ் ஏற்றிவிட்டேன். இது உன் கைக்கு வரும்போது அவள் வீட்டில் இருப்பாள். அவள் எதுவும் சொல்லமாட்டாள். அதனால் நான் சொல்கிறேன்.

நேற்று சாயந்தரம் ஆலைக்கு நடந்து போனோம். அம்மா வழியில் இரண்டு தடவை நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ரொம்ப மெலிஞ்சிருக்காரா?" என்று கேட்டாள். ரோடு திரும்பும் இடத்தில் விசில் சத்தம் கேட்டது. ஒரு லாரி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. அது திரும்பி முடியும்வரை அந்த விசில் நிற்கவில்லை, நடுவில் மூச்சு வாங்கவும் இல்லை. எனக்குக் கால் அப்போதே நின்றுவிட்டது. நாற்பது பேரின் மூச்சை இரண்டு தடவை அளந்தவள் நான். நாற்காலியில் உட்கார்ந்து அந்த விசிலை ஊதிக்கொண்டிருந்தவர் அப்பா.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. நேரே போய்க் கூண்டு முன்னால் நின்றாள். அவர் நிமிர்ந்தார். கன்னம் உப்பி, நன்றாகத்தான் இருந்தார். யாரென்று தெரிந்தது. முகத்தில் தெரிந்தது.

அம்மா கேட்டாள், "சில்லறை கெடச்சுதா?"

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். நடிக்கவில்லை அக்கா, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நிஜமாகவே யோசித்தார். பிறகு, "எந்தச் சில்லறை?" என்றார்.

அம்மா தலையை ஆட்டினாள், கடையில் விலை கேட்டுவிட்டு வேண்டாம் என்று திரும்புகிற மாதிரி. "மூத்தவ உங்களக் கேட்டா" என்று சொன்னாள். நீ கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். "அப்படியா, நல்லா இருக்காளா?" என்றார். உன் பேரைச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

அம்மா போய் ரோட்டோரம் நின்றுகொண்டாள். நான் மட்டும் கேட்டேன், "என்னை யாருன்னு தெரியுமா?"

"மொத நாளே தெரியும். கழுத்துல அட்டை தொங்குதே. என் இன்ஷியல், எங்கம்மா பேரு. நான் வெச்ச பேருதானே?" என்று சிரித்தார். "ஊதம்மா, எனக்கு நீ ரொம்ப உதவி பண்ணிட்ட. நான் சொதப்பி ஊதறது உனக்குத் தெரியும், ஆனா நீ என்னைத் தூக்கிப் போடமாட்டேன்னு எனக்குத் தெரியும்."

அந்த நேரத்தில் ரேடியோ ஷிப்ட் முடிந்து வெளியே வந்தார். இப்போது ஒன்றும் பேசுவதில்லை. எனக்குக் கையை மட்டும் தூக்கிக் காட்டினார், பேசினால் மூச்சு போதாது என்பதால்.

சின்னவள்


ஜூலை 1

சின்னவளுக்கு,

நேற்று பக்கத்து வீட்டுக்கு வந்தவர் அப்பாவைப் பற்றிக் கேட்டார். "அவரா? போயிட்டார்" என்றாள் அம்மா. எங்கே என்று கேட்டதற்கு, "போயிட்டார்னா போயிட்டார்" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போட்டாள். அவ்வளவுதான் இங்கே நடந்தது. என்னோடு பேசுகிறாள். உப்புப் போதுமா, கதவைச் சாத்தினாயா, அந்த மாதிரி.

எந்தச் சில்லறை என்று கேட்டாராமே. நான் அந்த வரியைக் கடையில் நின்று படித்தேன். லென்ஸ் ஒன்று கைநழுவி உடைந்தது. சலூன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது எனக்கு மட்டும்தான் நடந்திருக்கிறது.

இப்போது உன் விஷயம். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் ஆளைத் தூக்கிப் போடு, ஒன்று தெரியாதவன், இல்லை ஏமாற்றுகிறவன் என்று ஜனவரியில் எழுதியது நீ. கை நடுங்கியது என்றாய். ஏப்ரலில் என்ன நடுங்கியது? மேட்டில் சைக்கிள் மிதித்ததைக் கண்ணால் பார்த்து அதே கடிதத்தில் எழுதிவிட்டு, கீழேயே நுரையீரல் போச்சு என்றும் எழுதியிருக்கிறாய். உனக்குத் தெரியும். அந்த ஆள் செத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று உனக்கு ஆசை. காப்பாற்றுகிற பெண்ணாக இருக்க உனக்குச் சாகிற அப்பா தேவைப்பட்டார். நான் சாகட்டும் என்றாவது நேராகச் சொன்னேன்.

நான் உன்னை விட யோக்கியம் இல்லை. உன் முதல் கடிதத்தில் ரேடியோ இருந்தார். ஏப்ரலிலும் இருந்தார், போன கடிதத்திலும் இருந்தார். ஒரு தடவைகூட நான் அவரைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த நாற்காலி யாருடையது என்று உனக்கும் எனக்கும் தெரியும்.

போய்ச் சொல். பட்டம் போனால் போகட்டும், வந்து என்னோடு லென்ஸ் தேய்.

அக்கா


ஜூலை 14

அக்கா,

போனேன். சொன்னேன்.

பேராசிரியரிடம் மூன்று நம்பரையும் காட்டினேன். வட்டம் போட்ட பென்சிலை எடுத்து அந்த வரிசையை அடித்தார். "ரெண்டாவது சுற்றுலயே தெரிஞ்சிருக்கணும் உனக்கு" என்றார். தெரியும் என்றேன். இன்னொரு வருஷம் எல்லாவற்றையும் திரும்ப அளக்க வேண்டும், வேறு மேற்பார்வையாளரோடு. அதைப் பற்றி நான் புலம்பப் போவதில்லை.

ஆலை மேனேஜரிடம் பட்டியல் தப்பு என்று சொன்னதும், "சரி, அடுத்தது யாரு?" என்றார், பஸ் சீட்டு மாற்றுகிற மாதிரி. ரேடியோவைக் கூப்பிட்டனுப்பினார்கள். ரேடியோ ஓடிவர முயன்றார், பாதிச் சரிவில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் என்னைத்தான் பார்த்தார்.

"நான் நல்லா ஊதினேனேம்மா" என்றார். "நீ சிரிச்சியே. நான் ஃபர்ஸ்ட்டுன்னு நெனச்சேன்."

நாற்காலியில் உட்காரவைத்து விசிலைக் கையில் கொடுத்தார்கள். ஒரு லாரி வந்தது. ஊதினார். சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை ஊதினார். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "என்ன பெருசு, டீ ஆத்துறியா?" என்று கேட்டுச் சிரித்தான். ரேடியோவும் சிரித்தார். பிறகு விசிலை மடியில் வைத்துக்கொண்டு கையை ஆட்டி லாரியைத் திருப்பினார். ஆறு மாதத்துக்கு முன்னால் உட்காரவைத்திருந்தால் ஊதியிருப்பார்.

அப்பா தன் பையை எடுத்துக்கொண்டு கூண்டிலிருந்து இறங்கினார். அரவை இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே வேலை போட்டிருக்கிறார்கள், ஏமாற்றினதுக்குத் தண்டனையாம். அங்கேதான் தூசி அதிகம். அந்தப் பெண் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றது. என் கழுத்து அட்டையைப் படித்துவிட்டு அவரைப் பார்த்தது. அதற்குத் தெரியாது போலிருக்கிறது. இனித் தெரியும். அதற்கும் நாம் ஒரு சலூன் பெஞ்சு போட்டுக் கொடுத்துவிட்டோம்.

அவர் என்னிடம் வந்தார். சிரிக்கவில்லை. இத்தனை பேர் முன்னால், சத்தமாக, "பெத்த பொண்ணு அப்பனுக்கு இதப் பண்ணுவாளா?" என்றார்.

அக்கா, அவர் என்னைப் பெற்ற பெண் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதுதான் கொடுமை. நீ சொன்ன பொம்மை இதுதானா என்று தெரியவில்லை.

பிறகு துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அவருடைய நுரையீரல் இன்றைக்கு நாற்பது பேரிலும் நல்ல நுரையீரலாக இருக்கலாம். யாரும் அளக்கவில்லை. அந்தத் தூசியில் ஒரு வருஷம் நின்ற பிறகு, இதே மேஜையில் நான்தான் அவருக்குக் கிளிப் மாட்ட வேண்டும்.

அப்போது மூன்றும் ஒத்துப்போகும்.

சின்னவள்